கடலில் கலக்கும் மலம் எவருடையது?

கொழும்பின் கரையோரக் கடல் மாசடைந்துவிட்டது என்ற பேச்சு எழும்போதெல்லாம் நம் நாட்டுக் கனவான்களின் சுட்டுவிரல் ஒரே திசையில்தான் நீளுகிறது. வெள்ளவத்தையிலும் தெகிவளையிலும் கால்வாயோரத்தில், முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் கடலோரத்தில், பலகையாலும் தகரத்தாலும் வீடமைத்து வாழும் மக்களே அந்த அசுத்தத்துக்குக் காரணர் என்று அவர்கள் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். விசாரணை இல்லை, சாட்சியம் இல்லை, தீர்ப்பு மட்டும் உண்டு. அத்தீர்ப்பினை நாம் ஏற்கவில்லை. ஏற்காமைக்கு வெறும் இரக்க உணர்ச்சி காரணமன்று. கடலிற் கலந்த மலம் எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிக் கண்டறிய விஞ்ஞானம் வழி வகுத்துள்ளது. அந்த வழியில் ஓரடியேனும் எடுத்து வைக்காமல் வழங்கப்படும் தீர்ப்பு அறியாமையின் தீர்ப்பு. சிலருக்கு மிகவும் வசதியான அறியாமையின் தீர்ப்பு.

கால்வாயோரக் குடிசைகளிலிருந்து மலம் நீரிற் சேர்வதில்லை என்று வாதிட நாம் முன்வரவில்லை. சேர்கிறது. குழாய் போடப்படாத இடத்தில், குழி வெட்ட நிலமில்லாத இடத்தில், மழை பெய்தால் வெள்ளம் வாசற்படி வரை ஏறும் இடத்தில், மனிதர் வேறெங்கே போவர்? ஆனால் கால்வாயில் மலம் இருக்கிறது என்பது ஒன்று. கடலில் உள்ள மலம் முழுவதும் அந்தக் குடிசைகளுடையதே என்பது முற்றிலும் வேறொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதற்குத் தாவுவோர் இடையில் உள்ள பள்ளத்தை ஆய்வினால் நிரப்புவதில்லை. 2010ஆம் ஆண்டில் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதன்பின் கொழும்பின் ஆயிரக்கணக்கான வறிய குடும்பங்கள் தம் குடியிருப்புகளை விட்டு அடுக்குமாடிகளுக்கு அகற்றப்பட்டன. நகரின் அழகு என்ற சொல் அப்பொழுது எத்துணை தாராளமாகப் புழங்கிற்று என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார்கள்.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். கொழும்பின் நிலத்தடிக் கழிவுநீர்க் குழாய்களை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்தவர்கள் பிரித்தானிய ஆட்சியாளர். நூறு ஆண்டுகள் கழிந்த பின்னரும், வடக்கே முகத்துவாரத்திலிருந்தும் தெற்கே வெள்ளவத்தையிலிருந்தும் கடலுக்குள் நீண்டு செல்லும் இரண்டு குழாய்களே அந்த அமைப்பின் முடிவிடமாக இருந்தன. தலைநகரின் கழிவுநீர் அமைப்பைச் சீர்செய்வதற்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2009இல் கடன் வழங்க அங்கீகாரம் அளித்த வேளையிலும், மாநகரின் மலநீர் முறையான சுத்திகரிப்பு எதுவுமின்றி அக்குழாய்கள் வழியே கடலில் விடப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. அதாவது, குடிசைவாசிகளை நோக்கி விரல் நீட்டியவர்களின் சொந்த மலம், பளிங்குக் கழிப்பறையில் நீர் இறைக்கப்பட்ட மறுகணமே கண்ணிலிருந்து மறைந்து, அதே கடலைத்தான் சென்றடைந்தது. வேறுபாடு ஒன்றே: ஏழையின் மலம் கண்ணுக்குத் தெரியும், செல்வரின் மலம் குழாய்க்குள் மறைந்து செல்லும்.

இலங்கை மக்களில் நூற்றுக்கு இரண்டு பேர் அளவினருக்கே குழாய்வழிக் கழிவுநீர் வசதி உண்டு என்பதையும் இவ்விடத்திற் கருதிப் பார்க்க வேண்டும். பொதுப்பணத்தில் அமைந்த வசதியை அனுபவிக்கும் அந்தச் சிறுபகுதியினர் சுத்தமானவர். அவ்வசதி மறுக்கப்பட்டோர் அசுத்தமானவர்! இந்தத் தருக்கம் நமக்குப் புதியதன்று. மலத்தை உண்டாக்கியவன் தூய்மையானவன், அதனை வாளியிற் சுமந்து அகற்றியவன் தீண்டத்தகாதவன் என்று கூறிய சமுதாயம் அல்லவா நம்முடையது? நகரசபைகள் தமிழகத்திலிருந்து தொழிலாளரை வருவித்து, அவர்களைக் கொண்டு நகரங்களைத் துப்புரவாக்கி, பின்னர் அவர்களையே ஒதுக்குப்புறத்தில் குடியிருத்தின. அசுத்தத்தின் மூலத்தை அதனை உண்டாக்கியவரிடம் தேடாது, அதன் அருகில் நிற்பவரிடம் காணும் பழக்கம் அங்கேயே நன்கு பயிலப்பட்டது.

கடல் பரந்தது, எதனையும் கரைத்துவிடும் என்பாரும் உளர். கணக்குப் பார்ப்போம். சுத்திகரிக்கப்படாத சாக்கடை நீரில் நூறு மில்லிலீற்றருக்கு ஈ. கோலி என்னும் குடற்பற்றீரியாக்கள் பத்து இலட்சத்துக்குக் குறையாமல் இருப்பது வழக்கம்; பெரும்பாலும் அதனிலும் பன்மடங்கு. ஐரோப்பிய நாடுகளின் 2006ஆம் ஆண்டு விதிப்படி, கடலோரக் குளிப்பிடம் ஒன்று ‘நல்லது’ எனப் பெயர்பெற வேண்டுமாயின் அதே அளவு நீரில் 500க்கு மேல் இருத்தலாகாது. ஒரு வாளிச் சாக்கடையைப் பாதிப்பற்றதாக்க, குறைந்தது இரண்டாயிரம் வாளித் தூய நீர் வேண்டும் என்பதே இதன் பொருள். ஒரு மாநகரம் நாள்தோறும் கொட்டுவதற்கு எத்தனை வாளி வேண்டும்? கடலிடம் அவ்வளவு நீர் உண்டுதான். ஆனால் காற்றும் நீரோட்டமும் மாநகரசபையின் தீர்மானத்தின்படி நடப்பதில்லை. காற்று கரையை நோக்கி வீசும் நாளில் மாசும் கரையை நோக்கியே திரும்பும். அந்நாளில் அந்நீரில் நிற்பவர்கள் யார்? கரைவலை இழுக்கும் தொழிலாளரும் அலையில் விளையாடும் சிறுவருமே.

கடலை நம்பும் இந்தக் கோட்பாட்டின் தாயகம் இங்கிலாந்து. நமக்குக் குழாய் போட்டவர்கள் தமது கரையோர நகரங்களிலும் அதையே செய்தார்கள். அங்கு நடந்தவற்றை அறிவது நமக்குப் பயன்படும். ஏனெனில் மூலத்தைத் தேடும் விஞ்ஞானமும் மூலத்தை மறைக்கும் அரசியலும் அங்கே ஒரே கூரையின் கீழ் வளர்ந்தன.

1948இல் பிரண்டன் மூர் என்ற பற்றீரியவியலாளர் எளியதோர் உபாயத்தை வெளியிட்டார். துணிச்சல்லடையை மடித்து நூலில் கட்டிச் சாக்கடைக்குள் தொங்கவிட வேண்டும். சில நாள்களின் பின் அதனை எடுத்து ஆய்வுகூடத்தில் வளர்த்தால், அவ்வழியே சென்ற நோய்க்கிருமி அகப்படும். பிரதான குழாயில் அகப்பட்டால் அடுத்ததாக அதன் கிளைகளில், பின்னர் தெருக்களில், கடைசியில் வீட்டு வாசலில் என்று துணியைக் கட்டிக்கொண்டே மேலே செல்லலாம். வெளித்தோற்றத்தில் நலமாக இருந்துகொண்டே பராதைபோயிட்டுக் கிருமியைப் பரப்பும் ஒருவரின் வீட்டை, ஒரு நகரத்தின் ஆயிரக்கணக்கான வீடுகளின் நடுவே, இந்த முறையினால் கண்டுபிடிக்க முடிந்தது. மூலம் தேடல் என்ற இன்றைய துறையின் முன்னோடிகளுள் ஒன்று அந்தச் சிறு துணித்துண்டு.

பதினொரு ஆண்டுகளின் பின், 1959இல், இங்கிலாந்தினதும் வேல்ஸினதும் கடற்குளிப்பிடங்களைப் பற்றிய ஆய்வுக்குழு ஒன்று தன் அறிக்கையை வெளியிட்டது. அக்குழுவின் பணியில் முன்னின்றவரும் அதே மூர்தான். பார்ப்பதற்கே அருவருப்பூட்டும் அளவுக்குக் கரை நாறிக் கிடந்தாலன்றி, சாக்கடை கலந்த கடலிற் குளிப்பதனால் உடல்நலத்துக்கு நேரும் ஆபத்தை நடைமுறையிற் பொருட்படுத்த வேண்டியதில்லை என்பது அதன் முடிவு. மூரின் நேர்மையை நாம் ஐயுறவில்லை. அன்று கிடைத்த சான்றுகள் இளம்பிள்ளைவாதத்தையும் குடற்காய்ச்சலையும் மட்டுமே முதன்மையாகக் கருதியவை. குளித்தவர்களின் சாதாரண வயிற்றோட்டத்தைக் கணக்கெடுத்தவர் இல்லை. ஆனால் ஒரு விஞ்ஞானியின் அடக்கமான முடிவு அதிகாரியின் கைக்குச் சென்றதும் என்ன ஆயிற்று? தனியொரு மனிதரின் குடலிலுள்ள கிருமியைத் தெருத்தெருவாகத் துரத்திச் சென்ற அதே நாடு, ஊர் முழுவதன் மலத்தையும் கடலிற் கொட்டும் குழாயின் வாயிலில் நின்று, இங்கே தேடுவதற்கு எதுவுமில்லை என்று முப்பது ஆண்டுக்காலம் கூறிக்கொண்டிருந்தது.

ஐரோப்பியக் குளிப்பிட விதி 1976இல் வந்தது. பரிசோதிக்க வேண்டிய இடங்களைப் பெயரிடுமாறு கேட்டபோது, நாற்புறமும் கடல் சூழ்ந்த பிரித்தானியா 1979இல் 27 இடங்களையே பெயரிட்டது. கடலே இல்லாத லக்சம்பேர்க் தன் ஆறுகளிலும் ஏரிகளிலும் அதனிலும் கூடுதலான இடங்களைப் பெயரிட்டிருந்தது! உழைக்கும் மக்கள் இலட்சக்கணக்கில் விடுமுறைக்குச் செல்லும் பிளாக்பூல் அந்தப் பட்டியலில் இல்லை. பெயரிடப்படாத இடத்தில் பரிசோதனை இல்லை. பரிசோதனை இல்லாத இடத்தில் மாசும் இல்லை. பிளாக்பூல், சவுத்போட் ஆகியவற்றின் கடல்நீரைத் தரத்துக்குக் கொண்டுவரத் தவறியதற்காக ஐரோப்பிய நீதிமன்றம் பிரித்தானியாவைக் குற்றவாளியாகக் கண்டது 1993இல். அதற்குள், 1970களிலிருந்து அமெரிக்காவில் கபெல்லி நடத்திய ஆய்வுகளும் பின்னர் இங்கிலாந்தின் கரைகளிலேயே நடந்த ஆய்வுகளும், நீரில் எண்டரோகொக்கஸ் பற்றீரியா கூடக்கூடக் குளித்தவரிடையே வயிற்று நோயும் கூடுகிறது என்பதை நிறுவிவிட்டன.

இதனிடையே 1989இல் இங்கிலாந்தின் நீர் விநியோகமும் கழிவுநீரும் தனியார் கம்பனிகளுக்கு விற்கப்பட்டன. பழைய கடன்களைத் தள்ளுபடி செய்தே அரசு அவற்றைக் கையளித்தது. இன்று அவற்றின் கடன் அறுபதினாயிரம் கோடி அன்று, ஆறாயிரம் கோடிப் பவுணுக்கு மேல். இடையில் பங்குதாரருக்குச் சென்ற இலாபப் பங்கும் பல்லாயிரம் கோடி ரூபா பெறுமதியானது. மழைநீரும் மலநீரும் ஒரே குழாயிற் செல்லும் பழைய நகரங்களில், பெருமழை நாளில் மட்டும் மிகுதியைத் திறந்துவிடுவதற்கு என ஏற்பட்ட மதகுகள், கம்பனிகளின் கையில் அன்றாட வழிகளாயின. அவற்றுக்கு நேரங்காட்டும் கருவிகளைப் பொருத்துமாறு சட்டமும் பொதுமக்களும் நிர்ப்பந்தித்த பின்னரே உண்மை வெளிவந்தது. 2023ஆம் ஆண்டில் மட்டும் இங்கிலாந்தின் மதகுகள் 4,64,056 தடவைகள் திறக்கப்பட்டு, மொத்தம் 36 இலட்சம் மணித்தியாலம் சாக்கடையைக் கொட்டியுள்ளன. அதற்கு முன் 2021இல், தெற்குக் கரையோரக் கடலில் ஆண்டுக்கணக்காக வேண்டுமென்றே மலநீரை விட்டதற்காக ‘சதர்ன் வோட்டர்’ கம்பனிக்கு நீதிமன்றம் 9 கோடிப் பவுண் தண்டம் விதித்தது. அங்கே கால்வாயோரக் குடிசைகள் இல்லை. குற்றஞ் சாட்டுவதற்கு ஏழைகள் அகப்படாத நாட்டில் பழி மழையின் மீதும் கடற்பறவைகளின் மீதும் சுமத்தப்பட்டது.

பறவையைப் பற்றி நகைத்துவிட்டு நாம் அப்பாற் செல்ல முடியாது. மலமாசின் மூலம் சில வேளைகளில் உண்மையிலேயே பறவைதான். கலிபோர்ணியாவின் ஹன்ரிங்டன் கடற்கரை 1999ஆம் ஆண்டுக் கோடையில் நீண்ட நாள்கள் மூடப்பட்டது. எல்லோரும் சாக்கடையையே ஐயுற்றனர். தேடிச் சென்ற ஆய்வாளர், அருகிலிருந்த டல்பேர்ட் சதுப்புநிலத்தின் பறவை எச்சம் அலைநீரோடு கரைக்கு வருவதை 2001இல் எடுத்துக்காட்டினர். அதே மாநிலத்தில் கற்றலினாத் தீவின் அவலன் குடாவில் கதை வேறு. அங்கும் பறவைகளுக்குப் பங்கு இருந்தது; ஆயினும் மனித மலத்துக்கே உரிய அடையாளங்களும் நீரில் அகப்பட்டன. ஊரின் தெருக்களுக்கு அடியில் உக்கிப்போன குழாய்களிலிருந்து கசிந்த மலநீர், நிலத்தடி நீரோடு சேர்ந்து வற்றுப்பெருக்கின் இழுப்பில் கரைமணலுக்கு வந்துகொண்டிருந்தது. ஒரே மாநிலம், ஒரே கடல். இரண்டு கரைகளுக்கு இரண்டு விடைகள். தேடாமல் இவற்றை அறிந்திருக்க முடியுமா? ஹன்ரிங்டன் கதைக்கு ஒரு பிற்குறிப்பும் உண்டு. பறவையே மூலம் என்ற முடிவு வந்த பின்னரும் அப்பகுதி மக்கள் ஓயவில்லை. தமது மாவட்டத்தின் கழிவுநீர் முழுச் சுத்திகரிப்பின்றியே சலுகை அனுமதியின் பேரில் கடலில் விடப்படுவதை அவர்கள் அந்தத் தேடலின்போதுதான் நன்கு உணர்ந்தனர். 2002இல் கழிவுநீர்ச் சபை அச்சலுகையைக் கைவிட்டது.

இந்தத் தேடலின் நுட்பத்தைச் சிறிது விளக்குவது, விஞ்ஞானம் கற்பிக்கும் நம் ஆசிரியர்களுக்குப் பயன்படும் என நினைக்கிறோம். ஈ. கோலியை எண்ணுவதனால் மலம் இருக்கிறதா என்பதற்கு ஓரளவு விடை கிடைக்கும். எவருடைய மலம் என்பதற்குக் கிடைக்காது. மாட்டின் குடலிலும் நாயின் குடலிலும் காகத்தின் குடலிலும் அது உண்டு. இன்னுமொரு சிக்கல் நம்மைப் போன்ற வெப்ப நாடுகளுக்கே உரியது. 1980களிலிருந்து ஹவாய்த் தீவுகளில் நடந்த ஆய்வுகள், வெப்பமும் ஈரமும் கொண்ட மண்ணில் இப்பற்றீரியாக்கள் மலத்தின் துணையின்றியே வாழ்ந்து பெருகுகின்றன என்று காட்டின. குளிர்நாட்டுக்கு வகுத்த அளவுகோலை அப்படியே இங்கு கொண்டுவந்து நீட்டினால், மழைக்குப் பின் ஓடும் ஒவ்வோர் ஓடையும் குற்றவாளியாகும். உண்மைக் குற்றவாளியோ அந்தக் கூட்டத்தில் ஒளிந்துகொள்வான். கோலியுருக் கணக்கை மட்டும் காட்டிக் குடிசைகளைப் பெயர்ப்பது இக்காரணத்தினாலும் தவறு.

மனித மலமும் விலங்கின் மலமும் கொண்டிருக்கும் இரண்டு வகைப் பற்றீரியாக்களின் விகிதத்தைக் கொண்டு மூலத்தைப் பிரித்தறியலாம் என்று 1960களின் இறுதியில் நம்பினர். அவை நீரில் வெவ்வேறு வேகத்தில் மடிவதால் அந்த விகிதம் பொய்த்துப்போயிற்று. 2000ஆம் ஆண்டில் ஒறிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பேண்ஹாட்டும் ஃபீல்டும், மனிதக் குடலுக்கு நெருங்கிய உறவுடைய பக்டெராய்டஸ் பற்றீரியாவின் மரபணு அடையாளம் ஒன்றை வெளியிட்டனர். பின்னர் மாட்டுக்கு, நாய்க்கு, கடற்பறவைக்கு என்று தனித்தனி அடையாளங்கள் வந்தன. இவையும் குறையற்றவை அல்ல. கிருமி செத்த பின்னும் அதன் மரபணு சிறிது காலம் நீரில் மிதக்கும். ஒரு விலங்கின் அடையாளம் அருமையாக இன்னொன்றிலும் தோன்றும். ஆதலால் ஒரு புட்டி நீரைக் கொண்டு எவரும் தீர்ப்பெழுத முடியாது. வரட்சியிலும் மழையிலும், வற்றிலும் பெருக்கிலும், கழிமுகத்திலிருந்து ஒவ்வொரு கிளையாக மேலே ஏறி நீர் எடுக்க வேண்டும். சலவைத்தூளில் உள்ள வெண்மையூட்டும் சாயம் நீரில் ஒளிர்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏனெனில் அது ஒளிர்ந்தால் வீட்டுக் குழாய் எங்கோ கசிகிறது. கடைசியில், ஐயத்துக்குரிய கட்டடத்தின் கழிப்பறையில் சாயத்தை ஊற்றி, அது மழைநீர்க் கானில் வந்து நிற்கிறதா என்று கண்ணாற் காணவும் வேண்டும்.

மரபணு விடை கூறும் இடத்திலும் ஒரு மயக்கம் உண்டு. ‘மனித மலம்’ என்று ஆய்வுகூடம் எழுதித் தரும். மனிதருள் எவர் என்று அது எழுதாது. குடிசைவாசியின் குடலுக்கும் நட்சத்திர ஹோட்டல் விருந்தினரின் குடலுக்கும் வேறுபாடு காணும் கருவி எதுவும் இல்லை. அதைக் காட்டுவது குழாயின் வரைபடமே. எந்தக் கட்டடத்தின் கழிவு எந்தக் கானில் இணைக்கப்பட்டுள்ளது, எந்த மாடிவீடு மலக்குழிக்குச் செலவிட மனமின்றி மழைநீர்க் கானில் களவாகத் தொடுத்திருக்கிறது, எந்த இறைப்புநிலையம் எத்தனை மணித்தியாலம் நின்றுபோயிற்று என்ற விபரங்கள் அலுவலகக் கோப்புகளில் உள்ளன. எனவே மூலம் தேடும் வேலையில் பாதி கடற்கரையில் நடக்க வேண்டும்; மறுபாதி கோப்புகளுக்குள் நடக்க வேண்டும். இரண்டாம் பாதியை விட்டுவிட்டுச் செய்யும் ஆய்வு, எத்தனை விலையுயர்ந்த கருவியைக் கொண்டதாயினும், அதிகாரத்துக்குத் தொண்டு செய்வதாகவே முடியும்.

யாழ்ப்பாணத்து வாசகர் இதனைக் கொழும்பின் பிரச்சினை என்று எண்ணிவிடலாகாது. அங்கே கடலுக்குச் செல்லும் குழாய் இல்லை. வீட்டுக்கு வீடு மலக்குழி உண்டு, அதன் அருகே கிணறும் உண்டு. காலடியில் இருப்பதோ வெடிப்பும் குகையுமான சுண்ணாம்புக்கல். மணலைப்போல் அது நீரை வடிப்பதில்லை. கீரிமலையில் நிலத்தடி நன்னீர் கடலின் விளிம்பிலே ஊற்றெடுப்பதை எல்லோரும் கண்டிருக்கிறோம். நன்னீர் செல்லும் வெடிப்பின் வழியே மலநீரும் செல்லும். அதற்குச் சாதியும் தெரியாது, வேலியும் தெரியாது.

பணமில்லை என்ற பதில் வரும் என்பதை அறிவோம். மூரின் துணித்துண்டுக்கு என்ன விலை? சாயப்பொடிக்கு என்ன விலை? நம் பல்கலைக்கழகங்களில் பற்றீரியாவை எண்ணும் ஆய்வுகூடங்களும், எண்ணத் தெரிந்த மாணவரும் உள்ளனர். கோப்புகளைத் திறப்பதற்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. கரையோரப் பாடசாலை ஒன்றின் ஆசிரியர் ஒருவரும் பத்து மாணவரும், தம் ஊரின் கான்கள் கடலைச் சேரும் வாய்கள் எத்தனை, வரட்சிக் காலத்திலும் நீர் வடிபவை எவை என்று ஒரு வரைபடம் கீறுவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. மழையில்லாத மாதத்தில் மழைநீர்க் கான் ஓடுமாயின் அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியைப் பிரதேச சபைக்கும் மாநகரசபைக்கும் எழுத்தில் அனுப்பலாம். வரும் பதிலையும் வராத பதிலையும் இந்தப் பக்கங்களில் வெளியிட நாம் ஆயத்தமாக இருக்கிறோம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறோம். முதற்புட்டி நீரைக் குடிசையின் பின்புறத்திலிருந்து எடுக்க வேண்டாம். கடலுக்குள் நீளும் பெருங்குழாய்களின் வாயிலிலும், கரையோர ஹோட்டல்களும் மாடிவீடுகளும் தம் கான்களைத் திறந்துவிட்டிருக்கும் இடங்களிலும் எடுத்துவிட்டு, அதன்பின் குடிசைப் பக்கம் வரலாம்.